வழக்கறிஞர் அம்பேத்கர்: நம் இளைஞர் அறிய வேண்டிய ஒரு வாழ்வு

திண்டுக்கல் நீதிமன்ற வளாகத்தில் காலை பத்து மணியளவில் சென்று நின்றால், நிலக்கோட்டை, வேடசந்தூர், நத்தம், ஆத்தூர் வட்டங்களிலிருந்து முதற் பேருந்தைப் பிடித்து வந்த நம்மவர் பலரைக் காணலாம். கையிலே மஞ்சள் பை. பைக்குள்ளே பட்டா நகலும் பழைய பத்திரமும் மடிப்பு விழுந்த சம்மனும் இருக்கும். முகத்திலே ஒரே வினா எழுதியிருக்கும்: யாரிடம் போவது? அவ்வினாவுக்கு விடை சொல்ல எவரும் முன்வராத வேளையில், அண்ணே என்றும் மாமா என்றும் உறவுமுறை கொண்டாடி ஒருவர் வந்து சேருவார். அவர் வக்கீலும் அல்லர், குமாஸ்தாவும் அல்லர், தரகர். நம்மவருள் பலருடைய வழக்கு அந்த இடத்திலேயே பாதி தோற்றுப்போகிறது.

நாம் அறிந்த குடும்பம் ஒன்று உண்டு. பெயரும் ஊரும் இங்கு வேண்டா. பாட்டன் காலத்தில் அரசு அளித்த ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலமே அவர்களுடைய உடைமை. அந்நிலத்தின்மேல் வேறொருவர் தாவா போட்டார். சம்மன் வந்தது. தரகர் காட்டிய இடத்தில் குடும்பத் தலைவர் வக்காலத்தில் கையொப்பமிட்டார்; அதனோடு எழுதாத வெள்ளைத் தாள்கள் நான்கிலும் கைந்நாட்டு வைத்தார். வாய்தாதோறும் தரகர் கையில் பணம் போயிற்று. வக்கீலின் முகத்தை அவர் ஒரு நாளும் கண்டாரில்லை. ஈராண்டு கழிந்து நீதிமன்ற அமீனா நிலத்தைக் கைப்பற்ற வந்து நின்றபோதுதான், எதிர்வாதமே செய்யப்படாமல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகியிருந்தது தெரிய வந்தது. அத்தகைய தீர்ப்பை நீக்கக் கோருவதற்குச் சட்டம் தரும் முப்பது நாள் தவணையும் என்றோ கடந்திருந்தது.

இத்தகைய நிலையில் உள்ள நம் மக்களுக்கு, நம்பத்தக்க வழக்கறிஞர் எப்படி இருப்பார் என்பதை எடுத்துக்காட்ட ஒரு வாழ்வு வேண்டும். அவ்வாழ்வு நம் வீடுகளின் சுவரிலே படமாகத் தொங்குகின்றது. அரசியல் சட்டத்தை வகுத்த மேதையாக அண்ணல் அம்பேத்கரை நாம் அனைவரும் அறிவோம். ஏழைக் கட்சிக்காரரின் வழக்குக் கட்டைச் சுமந்து மாவட்ட நீதிமன்றங்களுக்கு அலைந்த வக்கீலாக அவரை நம்முள் அறிந்தவர் சிலரே. இவ்வெள்ளி விழா மலரில் அந்த அம்பேத்கரைப் பற்றியே கூற விழைகின்றோம்.

இளமையும் கல்வியும்

பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மத்திய இந்தியாவில் மாவ் என்னும் படைமுகாம் ஊரிலே பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால் படையில் சுபேதாராய் இருந்தவர். பள்ளியில் பிற மாணவரோடு ஒன்றாக அமரவும், தண்ணீர்ப் பானையைத் தானே தொடவும் உரிமையின்றி வளர்ந்த அச்சிறுவர், பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1912இல் பட்டம் பெற்றார். பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையால் 1913இல் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1916இல் லண்டன் சேர்ந்து, பொருளியல் பள்ளியிலும் கிரேஸ் இன் என்னும் சட்டக் கழகத்திலும் ஒருங்கே பதிவு செய்துகொண்டார்.

உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் படிப்பை இடையிலே நிறுத்தி 1917இல் தாயகம் திரும்ப நேர்ந்தது. பரோடாவில் அரசுப் பணி ஏற்ற அவருக்குத் தங்க ஓர் அறையும் கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் தங்கியிருந்தவரைக் கும்பலாக வந்து வெளியேற்றினர். வேலையை விட்டுப் பம்பாய் திரும்பினார். சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவியும் நண்பர் நவல் பத்தேனா கொடுத்த கடனும் துணைநிற்க 1920இல் மீண்டும் லண்டன் சென்றார். 1922இல் பாரிஸ்டர் ஆனார். 1923இல் பொருளியலில் உயர் ஆய்வுப் பட்டமும் பெற்றார்.

நம் பிள்ளைகள் இங்கு ஒன்றை நோக்க வேண்டும். இடையிலே நின்றுபோன படிப்பை மூன்றாண்டு பொறுத்திருந்து, மீண்டும் கடல் கடந்து சென்று முடித்தவர் அவர். பின்னாளில் அவருடைய வழக்குகளிலும் அந்தப் பொறுமையே வெளிப்பட்டது.

திறவாத கதவுகள்

1923இல் பம்பாய் திரும்பிய அம்பேத்கர் உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். அப்பதிவுக்கு வேண்டிய பணத்துக்கும் நவல் பத்தேனாவின் கையையே எதிர்பார்க்க நேர்ந்தது. கொலம்பியாவும் லண்டனும் போற்றிய அறிஞரிடம் வழக்கு கொடுப்பாரைக் காணோம். அந்நாளில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் மூலவழக்குப் பிரிவில் வாதாட விரும்புவோர் சொலிசிட்டர்கள் வழியாகவே வழக்குப் பெற இயலும். தீண்டத்தகாதவர் என்று சமூகம் ஒதுக்கியவரிடம் வழக்குத் தர அவர்கள் முன்வரவில்லை. ஆகவே மேல்முறையீட்டுப் பிரிவிலும் வெளியூர் நீதிமன்றங்களிலும் கிடைத்த வழக்குகளைக் கொண்டே அவர் தொழிலைத் தொடங்கினார். வருவாய் போதாமையால் 1925 முதல் 1928 வரை கணக்கியல் பயிற்சி நிலையமொன்றில் வணிகச் சட்டம் கற்பித்தார்.

பரேல் பகுதியில் தாமோதர் மண்டபத்தில் அவருடைய அலுவலகம் இருந்தது. 1924இல் அவர் தோற்றுவித்த பகிஷ்கிருத ஹிதகாரிணி சபைக்கும் அதுவே இடமாயிற்று. ஆலைத் தொழிலாளரும் சிற்றூர்ப் பண்ணையாட்களும் அங்குதான் அவரைத் தேடி வந்தனர். பணமற்றவரிடம் சிறு தொகை பெற்றோ ஒன்றும் பெறாமலோ அவர்களுக்காக அவர் வழக்காடினார். அவரைக் காண இடைத்தரகர் எவரும் வேண்டியிருக்கவில்லை. கட்சிக்காரர் நேரே வந்து தம் குறையைத் தம் வாயால் கூறலாம்.

இதிலிருந்து முதற் பாடம் பெறுகின்றோம். பெயர்ப்பலகையின் அளவையும் அலுவலகத்து நாற்காலிகளின் எண்ணிக்கையையும் கண்டு வழக்கறிஞரைத் தெரிவு செய்தல் தகாது. அந்நாளைய பம்பாய் அவ்வளவுகோலால் அளந்தே அம்பேத்கரைத் தள்ளிவைத்தது. நம் வாயால் நாம் சொல்வதைக் கேட்பவரா, நம் தாள்களைத் தம் கண்ணால் படிப்பவரா என்பனவே நாம் காண வேண்டியவை.

பூனா வழக்கு

1926இல் பிராமணரல்லாத இயக்கத்தைச் சேர்ந்த பாக்டே, கேசவராவ் ஜேதே, தினகரராவ் ஜவல்கர் ஆகியோர்மேல் பூனாவில் நடந்த அவதூறு வழக்கு அம்பேத்கரின் கைக்கு வந்தது. நாட்டின் பகைவர் என்று பொருள்படும் தலைப்பில் ஜவல்கர் எழுதிய சிறு நூலே வழக்குக்குக் காரணம். கீழ் நீதிமன்றம் தண்டனை விதித்திருந்தது. மேல்முறையீட்டில் வாதாடி அவர்களுக்கு அம்பேத்கர் விடுதலை பெற்றுத் தந்தார். மூவரும் அவருடைய சாதியைச் சேர்ந்தவர் அல்லர். திறமையும் நேர்மையும் உள்ள இடத்தை அவர்கள் நாடினர். வழக்கறிஞர் நம் இனத்தவராக இருப்பது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் அதுவொன்றே தகுதியாகிவிடாது. நம் இனத்தவர் அல்லர் என்பதும் குறையாகிவிடாது.

மகாத் குளத்து வழக்கு

அண்ணலின் வழக்கறிஞர் வாழ்வை முழுமையாகக் காட்டுவது மகாத் வழக்கே. பொதுப்பணத்தில் அமைந்த குளம், கிணறு, பள்ளி முதலியவற்றை அனைவரும் பயன்படுத்தலாம் என்று போலே என்பவர் கொணர்ந்த தீர்மானத்தைப் பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் நிறைவேற்றியது. அதனை ஒட்டி மகாத் நகராட்சியும் 1924இல் தன் சௌதார் குளத்தைத் திறந்துவிடத் தீர்மானித்தது. தீர்மானம் தாளில் இருந்தது. தண்ணீர் அவர்களுக்கு எட்டாமலே இருந்தது. 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் ஆயிரக்கணக்கான மக்களுடன் சென்று அம்பேத்கர் அக்குளத்து நீரை அருந்தினார். அதன்பின் அம்மக்கள் தாக்கப்பட்டனர். நகராட்சியும் தன் தீர்மானத்தை ஆகஸ்டு மாதத்தில் திரும்பப் பெற்றது.

மீண்டும் டிசம்பர் 25ஆம் நாள் அறப்போர் நிகழ்த்த நாள் குறிக்கப்பட்டது. அதற்குச் சில நாள்களுக்கு முன், குளம் தங்கள் வகுப்பாருக்கே உரியது என்று எதிர்த்தரப்பினர் அம்பேத்கர்மீதும் பிறர்மீதும் உரிமையியல் வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடையாணை பெற்றனர். ஆயிரமாயிரமாய்த் திரண்டு வந்த மக்கள் சிறை செல்லவும் துணிந்திருந்தனர். அவர்களுடைய கைதட்டலைப் பெறுவது தலைவருக்கு எளிதாயிருந்திருக்கும். ஆயின் அவர் தலைவர் மட்டுமல்லர், வழக்கறிஞரும் ஆவார். நீதிமன்ற ஆணையை மீறினால் வழக்கும் கெடும், மக்களும் அல்லற்படுவர் என்பதை விளக்கி, அறப்போரை ஒத்திவைக்க அவர்களை இசைவித்தார். மக்கள் நீரைத் தொடாமல் குளத்தைச் சுற்றி ஊர்வலமாகச் சென்று கலைந்தனர்.

கட்சிக்காரர் கேட்க விரும்பாததையும் எடுத்துச் சொல்பவரே நல்ல வழக்கறிஞர் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டா. வெற்றி நிச்சயம், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முதல் நாளே வாக்களிப்பவரிடம் நாம் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும். உம் பக்கத்துக் குறை இது, தவணை இது, ஆகும் செலவு இவ்வளவு என்று தெளிவாகக் கூறுபவரை நம்பலாம்.

அவ்வழக்கு எவ்வளவு காலம் நடந்தது தெரியுமா? மகாத் நீதிமன்றம் 1931இல் அம்பேத்கர் தரப்புக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. எதிர்த்தரப்பினர் மேல்முறையீடு செய்தனர். 1933இல் அதுவும் தள்ளுபடியாயிற்று. இறுதியாக 1937ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றம் கீழ்த்தீர்ப்பை உறுதி செய்தது. இடைப்பட்ட காலத்திலேதான் அவர் லண்டன் வட்டமேசை மாநாடுகளில் கலந்துகொண்டதும், 1932இல் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டதும், 1935இல் துணைவியார் ரமாபாயை இழந்ததும் நிகழ்ந்தன. அத்தனைக்கும் நடுவே ஒரு சிற்றூர்க் குளத்து வழக்கு கைவிடப்படவில்லை. வழக்கை வென்று தந்தவை ஆவணங்களும் சான்றுகளுமே. குளம் நகராட்சிக்கு உரியது என்பது நிலைநாட்டப்பட்டது. நெடுங்காலப் பழக்கம் என்று எதிர்த்தரப்பினர் சொன்னதற்குப் போதிய சான்றில்லை என்பதும் வெளிப்பட்டது.

நம் நிலங்களுக்கும் இது பொருந்தும். செங்கற்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரெமென்கீரின் அறிக்கையை ஒட்டிச் சென்னை அரசு 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என வழங்கும் அந்நிலங்களைப் பத்தாண்டு வரை எவருக்கும் விற்றல் ஆகாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. இத்தகைய நிலத்தின்மேல் வழக்கு வருமானால், பழைய நில ஆவணங்களை வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து நகலெடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லாத வக்கீல் அவ்வழக்குக்கு ஏற்றவர் அல்லர்.

தோற்ற வழக்கு

அண்ணல் எல்லா வழக்குகளிலும் வென்றவர் அல்லர். குடும்பக் கட்டுப்பாடு, பாலியல் நலம் பற்றித் துணிந்து எழுதிய ரகுநாத் தோண்டோ கார்வே என்பவரின் சமாஜ் ஸ்வாஸ்த்ய இதழ்மேல் ஆபாசக் குற்றம் சாட்டப்பட்டபோது, 1934இல் அவருக்காக அம்பேத்கர் வாதாடினார். பலரும் ஒதுங்கிய வழக்கு அது. தீர்ப்பு எதிராயிற்று, கார்வேக்கு 200 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. எனினும் கட்சிக்காரருக்காகச் சொல்ல வேண்டியவை யாவும் மன்றத்தில் சொல்லப்பட்டன. வழக்கு தோற்றதனாலேயே வழக்கறிஞரைப் பழித்தல் முறையன்று. வாதாடாமலே தோற்கவிடுவதுதான் துரோகம்.

சட்டம் கற்பித்தவரும் சட்டம் வகுத்தவரும்

1928இல் பம்பாய் அரசுச் சட்டக் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்த அம்பேத்கர், 1935இல் அதன் முதல்வரானார். 1938 வரை அப்பொறுப்பு வகித்தார். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தார். அடுத்த ஆண்டு பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி எழுந்தது. நம் சங்கம் போன்ற கல்விச் சங்கங்களுக்கெல்லாம் அதுவே வழிகாட்டி.

1947 ஆகஸ்டு 29ஆம் நாள் அரசியல் சட்ட வரைவுக் குழு அமைந்தது. அம்பேத்கர் அதன் தலைவரானார். முதல் வரைவில் கைது செய்யப்பட்டோருக்குரிய பாதுகாப்புப் போதுமானதாக இல்லை என்ற குறை எழுந்தபோது, 1949 செப்டம்பரில் அவரே புதியதொரு பிரிவை முன்மொழிந்தார். அதுவே இன்றைய 22ஆம் உறுப்பு. கைது செய்யப்பட்ட எவருக்கும் காரணம் தெரிவிக்கப்பட வேண்டும். தாம் தெரிந்தெடுக்கும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும், அவரைக்கொண்டு வாதாடவும் உரிமை உண்டு என்று அது உறுதியளிக்கின்றது. வழக்குக் கிடைக்காமல் தவித்த ஒரு வழக்கறிஞர், வழக்கறிஞரைத் தெரிந்தெடுக்கும் உரிமையை நாட்டு மக்கள் அனைவருக்கும் ஆக்கித் தந்தார்.

இந்து சட்டத் தொகுப்பு தடைப்பட்டமையால் 1951இல் சட்ட அமைச்சர் பதவியைத் துறந்தார். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். அவ்வாண்டே டிசம்பர் 6ஆம் நாள் மறைந்தார். தமிழகத்திலும் அவ்வழி வந்தோர் உளர். சட்டக் கல்லூரியில் கற்பித்தவரும் 1945இல் சென்னை மேயரானவருமான ந. சிவராஜ் அவர்களும், 1980இல் உச்சநீதிமன்றத்து நீதிபதியாகி அவ்விருக்கையில் அமர்ந்த முதல் ஒடுக்கப்பட்ட இனத்தவர் என்னும் பெருமை பெற்ற அ. வரதராஜன் அவர்களும் நம் பிள்ளைகள் மறவாதிருக்க வேண்டிய பெயர்கள்.

நாம் செய்ய வேண்டியவை

திண்டுக்கல் பூட்டு பேர் போனது. எத்துணை உறுதியான பூட்டாயினும் சாவியை முன்பின் அறியாதவரிடம் கொடுத்தால் பயனில்லை. வக்காலத்தில் இடும் கையொப்பம் நம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கு நிகரானது. ஆதலின் சிலவற்றை நம் உறுப்பினர் அனைவரும் மனத்தில் இருத்துதல் நன்று.

வழக்கறிஞரை நேரில் காணாமல் வக்காலத்தில் கையொப்பமிடலாகாது. எழுதாத தாளில் எக்காரணம் கொண்டும் கையொப்பமோ கைந்நாட்டோ வைத்தலாகாது. அவர் தமிழ்நாடு புதுச்சேரி வழக்கறிஞர் கழகத்தில் பதிவு பெற்றவரா என்பதைப் பதிவு எண்ணைக் கேட்டு அறியலாம். கேட்பதில் அவமரியாதை ஏதுமில்லை. நம் எதிராளிக்கும் அவர் வழக்கறிஞரா என்று முன்னதாகவே கேட்க வேண்டும். கட்டணத்தைத் தொடக்கத்திலேயே பேசி, கொடுக்கும் பணத்துக்கெல்லாம் ரசீது பெற வேண்டும். வென்றால் நிலத்தில் பங்கு, இழப்பீட்டில் பங்கு என்று பேசுவது வழக்கறிஞர் தொழில் விதிகளுக்கே முரணானது. மூல ஆவணங்களை நம்மிடம் வைத்துக்கொண்டு நகல்களைக் கொடுப்பதே பொதுவாக நல்லது. மூலம் தேவைப்படின் எழுத்தில் பெற்றுக்கொண்டதற்கு அடையாளம் வாங்க வேண்டும். வழக்கு எண்ணையும் அடுத்த வாய்தா நாளையும் நாமே குறித்து வைத்து, நீதிமன்றம் சென்றோ இணையத்தில் பார்த்தோ சரிபார்க்க வேண்டும். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பயனுள்ள வேலை வேறில்லை.

நம்பிக்கை போய்விட்டால் வழக்கறிஞரை மாற்றிக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு. கட்டணப் பாக்கியைக் காரணம் காட்டி வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லை என்று உச்சநீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. வழக்கறிஞர் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வாராது என்று அதே நீதிமன்றம் 2024இல் கூறிவிட்டபடியால், ஒழுங்கீனம் பற்றிய புகாரை 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி மாநில வழக்கறிஞர் கழகத்துக்கே அனுப்ப வேண்டும்.

பணமில்லை என்று தரகரை நாட வேண்டியதும் இல்லை. 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 12ஆம் பிரிவின்படி ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். திண்டுக்கல்லில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலும், வட்டங்களில் உள்ள குழுக்களிலும் மனுக் கொடுக்கலாம். 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் வழி கேட்கலாம். வன்கொடுமை வழக்கானால், பாதிக்கப்பட்டோர் விரும்பின் மூத்த வழக்கறிஞரை அமர்த்த மாவட்ட ஆட்சியருக்கு 1995ஆம் ஆண்டு விதிகள் அதிகாரம் அளிக்கின்றன. கேட்டால்தான் கிடைக்கும், கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முன்னே சொன்ன குடும்பத்தின் கதை முடிந்துவிடவில்லை. நம் உறுப்பினர் ஒருவர் அவர்களை ஆணைக்குழுவிடம் அழைத்துச் சென்றார். அங்கு அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் அரைநாள் உட்கார்ந்து தாள்களையெல்லாம் படித்தார். வெற்றி உறுதி என்று அவர் சொல்லவில்லை. தாமதம் பெரிது, காரணத்தைச் சான்றோடு காட்டியாக வேண்டும் என்றே சொன்னார். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு ஏற்கப்பட்டு, ஒருதலைப்பட்சத் தீர்ப்பு நீங்கி, வழக்கு புதிதாக நடைபெறுகின்றது. நிலம் இன்னும் அவர்கள் கையிலேயே இருக்கின்றது. இப்போது வாய்தாதோறும் அப்பெரியவர் தாமே சென்று தம் வக்கீலைக் காண்கிறார்.

இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கம் பிள்ளைகளைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அனுப்பியது. அடுத்துவரும் ஆண்டுகளில் நம் ஊர்கள் ஒவ்வொன்றிலிருந்தும் சட்டம் பயிலும் ஒரு பிள்ளையேனும் புறப்பட வேண்டும். அப்பிள்ளை கறுப்பு அங்கி அணியும் நாளில், மஞ்சள் பையோடு வந்து நிற்பவரை அமரச் சொல்லி, அவர் தாளைத் தன் கண்ணால் படித்து, உள்ளதை உள்ளபடி உரைக்க வேண்டும். அண்ணலின் படத்துக்கு இடும் மாலை அதன்பின்னரே பொருள் பெறும்.